தாயின் கைக்கு அப்பால்: வன்னியில் சுயாதீன வாழ்வு

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவரை இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். புரட்டாவிட்டால் இடுப்பெலும்பும் குதிக்காலும் அழுந்தும் இடத்தில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு குழி விழும். உணர்வு இல்லாத உடம்பு என்பதால் வலி தெரியாது. நாற்றம் எடுத்த பிறகுதான் புண் இருப்பதே தெரியவரும். வன்னியின் எத்தனையோ வீடுகளில், போர் முடிந்த 2009 முதல் இந்தப் புரட்டும் வேலையைச் செய்துவருபவர் தாய். அன்று இருபது வயதில் எறிகணைத் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே அசைவிழந்த பிள்ளை முப்பத்தைந்தைக் கடந்துவிட்டான். அன்று ஐம்பது வயதாக இருந்த தாய் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அவருக்கே முழங்கால் தேய்வு, நீரிழிவு, கண்ணில் வெண்படலம்.

"நான் கண்ணை மூடினால் இவனை யார் பார்ப்பார்கள்?" பரந்தனிலும் விசுவமடுவிலும் மல்லாவியிலும் கேள்வி ஒன்றுதான். அதற்கு உறவினர்கள் சொல்லும் பதில் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பது. அதிகாரிகள் சொல்லும் பதில் "ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்க்கலாம்" என்பது. சுயாதீன வாழ்வு நிலையம் என்ற ஏற்பாடு வேறொரு பதிலைத் தேடிப் பிறந்தது: அவர் தன் ஊரில், தன் வீட்டில், தான் விரும்பியபடி வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்று அவரையே கேட்பது.

வன்னியில் மாற்றுத்திறனாளி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பொய்க்கால். அதற்குக் காரணம் இருக்கிறது. மிதிவெடி தின்ற கால்கள் அத்தனை. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுத்துவருகிறது. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் வெண்புறா என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்தது. கால் பொருத்திக்கொண்டவர் மறுபடி வரம்பில் நடந்தார், சைக்கிள் மிதித்தார். ஊர் கண்ணால் கண்ட வெற்றி அது. அதனால்தான் மாற்றுத்திறனாளிக்கு உதவி என்றால் ஏதோ ஒன்றைப் பொருத்திவிடுவது அல்லது கையில் கொடுத்துவிடுவது என்ற எண்ணம் நமக்குள் ஆழ ஊன்றிவிட்டது. முள்ளந்தண்டு வடம் அறுந்தவருக்குப் பொருத்துவதற்கு ஒன்றுமில்லை. போர்தான் இதற்கு முதற் காரணமாக இருந்தது. இன்று பனையால் விழுந்தவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே இயங்குவதற்கு இதுவே பின்னணி.

சுயாதீன வாழ்வு என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதையிலும் ஒரு தாய் இருக்கிறார்.

எட் ரொபேர்ட்ஸ் கலிபோர்னியாவில் 1939இல் பிறந்தவர். பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முழு உடம்பும் செயலிழந்தது. இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். பாடசாலை முடிக்கும் நேரத்தில், உடற்பயிற்சியும் வாகனம் ஓட்டும் பயிற்சியும் நிறைவு செய்யவில்லை என்று சொல்லிச் சான்றிதழ் தர மறுத்தார்கள். அவருடைய தாய் சோனா கல்விச் சபை வரை போய்ப் போராடிச் சான்றிதழைப் பெற்றுக்கொடுத்தார். பிறகு மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம், இவருக்கு இருக்கும் பாதிப்பு மிகக் கடுமையானது, இவரால் ஒருநாளும் வேலை செய்ய முடியாது என்று உதவியை மறுத்தது. அதையும் எதிர்த்து வென்று 1962இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க விடுதி அறை தாங்காது என்பதால் வளாக மருத்துவமனையில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அவரைப் பின்தொடர்ந்து கடுமையான உடற்பாதிப்புள்ள வேறு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்த மருத்துவமனை மாடியில்தான் அவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: தங்கள் உதவியாளரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே வேலை சொல்லி, சரிவராவிட்டால் தாங்களே மாற்றிக்கொள்ள முடிந்தால், அம்மாவின் வீட்டுக்கு வெளியேயும் வாழலாம்.

1972இல் பேர்க்லி நகரில் முதலாவது சுயாதீன வாழ்வு நிலையம் தொடங்கியது. 1975இல் எட் ரொபேர்ட்ஸ், தன்னை எதற்கும் உதவாதவர் என்று ஒதுக்கிய அதே புனர்வாழ்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார்.

இந்த நிலையங்களுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. தகவல் கொடுப்பது, வாழ்வுத்திறன் பயிற்சி, சக ஆலோசனை, உரிமைக்காகக் குரல்கொடுப்பது ஆகிய நான்கும் தொடக்கம் முதல் இவற்றின் மையப் பணிகள். 1986இல் ஜப்பானின் ஹச்சியோஜியில் இதே வகை நிலையம் தொடங்கிய பிறகு ஆசியாவிலும் அந்த எண்ணம் பரவியது.

சுயாதீனம் என்ற சொல் நம்மிடம் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. தன் வேலையைத் தானே செய்துகொள்வதுதான் சுயாதீனம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டைப் பொத்தானைப் பிறர் உதவியின்றிப் போட ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கலாம். உதவியாளர் ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டால், மிச்ச நேரத்தில் அவர் கணக்கு எழுதலாம், கோழிக்குத் தீன் வைக்கலாம், நண்பனோடு கதைத்துக்கொண்டிருக்கலாம். எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் போட்டுவிடுவது என்பதை முடிவு செய்பவர் அவராக இருந்தால் அவர் சுயாதீனமானவர். பாசமுள்ள வீட்டில்கூட இது பறிபோகும். "உனக்கு எதற்கு வெயிலில் அலைச்சல்?" என்று அன்போடு சொல்லி, பதினைந்து வருடமாகப் படலையைத் தாண்டவிடாமல் வைத்திருக்கிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன.

இலங்கைச் சட்டத்தை இந்தக் கண்ணோடு படித்தால் ஒரு வாசகம் நெருடும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் வாழ்க்கைத் தேவைகளைத் தானாக முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரே இச்சட்டத்தின் கீழ் வருபவர் என்று வரையறுக்கிறது. இயலாமை அவருடைய உடம்புக்குள் இருக்கிறது என்பது அதன் பொருள். 2006 டிசம்பர் 13இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனம் இதைத் திருப்பிப் போட்டது. உடற்பாதிப்பும் சமூகம் வைத்திருக்கும் தடைகளும் மோதும் இடத்தில்தான் இயலாமை பிறக்கிறது என்றது. அதன் 19ஆம் உறுப்புரை, எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே இவர்களுக்கும் உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. இலங்கை 2007இல் கையொப்பமிட்டு 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. "ஒரு இல்லத்தில் சேர்க்கலாம்" என்று சொல்லும் அதிகாரி இந்த உறுப்புரையை ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

பழைய சட்டத்தைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. அதன் 23ஆம் பிரிவு வேலைக்கு ஆள் சேர்ப்பதிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுமக்கள் புழங்கும் கட்டடத்துக்குள் போவதைத் தடைசெய்யக் கூடாது என்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. 2006 ஒக்டோபரில் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் சாய்தளம், மலகூடம், வாசல் அகலம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வகுத்தன. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வழக்காடிய கலாநிதி அஜித் சி. எஸ். பெரேராவின் மனுவில், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது.

இந்த ஆண்டுகளை வன்னியின் ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர் முடிந்தது 2009 மே. கூரையும் சுவருமில்லாமல் நின்ற கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிரதேச செயலகம், பாடசாலை, வங்கி, வைத்தியசாலை, பொது நோக்கு மண்டபம் என்று கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. கொழும்பிலோ கண்டியிலோ ஓர் அலுவலகத்தின் முன் ஏழு படி இருந்தால், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்று சாக்குச் சொல்லலாம். கிளிநொச்சியில் சொல்ல முடியாது. இங்கே இருக்கும் படி சட்டம் வந்த பிறகு, நீதிமன்றமும் சொன்ன பிறகு, புதுச் சீமெந்தில் கட்டிய படி. வேறெந்த மாவட்டத்துக்கும் கிடைக்காத வெறும் நிலம் இங்கே இருந்தது. முதலிலிருந்தே சரியாகக் கட்டியிருக்கலாம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

வீடுகளிலும் அதே கதை. 2012இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாய் கிடைத்தது. பயனாளிகளே நின்று கட்டினார்கள். எத்தனையோ குடும்பங்களுக்குத் தறப்பாளிலிருந்து கல்வீட்டுக்கு வந்த நாள் மறக்க முடியாதது. ஆனால் வாசலில் இரண்டு படி, மலகூடம் முற்றத்துக்கு அப்பால், அதன் கதவு சக்கர நாற்காலி நுழைய முடியாத அகலம் என்று அமைந்துவிட்ட வீட்டில் ஒருவர் காலைக்கடனுக்காகத் தாயின் தோளையே நம்ப வேண்டியிருக்கிறது. கதவு இன்னும் ஒரு சாண் அகலமாக இருந்திருந்தால் அந்தத் தாயின் முதுகு இத்தனை வளைந்திருக்காது.

உரிமைக்குக் குரல்கொடுப்பது என்றால் பதாகையும் ஊர்வலமும் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமைக் காலை இங்குள்ள நிலையத்தின் குழுவோடு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். நான் பார்த்த நாளில் நான்கு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேர் சக்கர நாற்காலியில், ஒருவர் ஊன்றுகோலில், ஒருவர் பார்வையற்றவர். இடம் ஒரு கிராமத்துப் பொது நோக்கு மண்டபம். கையில் ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, மேசன்மார் வைத்திருக்கும் மட்டப்பலகை. மண்டபத்தின் தரை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம். சாய்தளம் இருந்தது. நீளம் எட்டடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது உலகெங்கும் கையாளும் கணக்கு. அப்படியானால் இங்கே முப்பது அடி வேண்டும், நடுவில் மூச்சுவிட ஒரு சமதளமும் வேண்டும். எட்டடிச் சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறப் பார்த்த பெண்ணின் முன் சில்லுகள் மேலே தூக்கின. பின்னால் நின்றவர் பிடித்திருக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பார். அதைக் கட்டியவர் தீய எண்ணத்தோடு கட்டவில்லை. வரைபடத்தில் சாய்தளம் என்று இருந்தது, அதனால் கட்டினார். அதில் ஏறப்போகிற ஒருவரையும் அவர் கேட்கவில்லை.

அந்தப் பெண் கதைத்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே இரண்டு கையையும் நாற்காலியின் பக்கங்களில் ஊன்றி, உடம்பை ஒரு சாண் தூக்கி, மனதுக்குள் எண்ணி, மெல்ல இறக்கினார். கால் மணித்தியாலத்துக்கு ஒருதடவை இப்படித் தூக்கினால் இருக்கையில் புண் வராது. இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவரைப் போலவே நாற்காலியில் இருக்கும் ஓர் அக்கா. வைத்தியசாலையில் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னார்கள். ஆனால் அங்கே சொன்னவர் எழுந்து நடந்து போய்விட்டார்" என்றார்.

சக ஆலோசனை என்று நிலையத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது, மலம் கழிப்பதை ஒரு நேரத்துக்குப் பழக்குவது எப்படி, கலியாண வீட்டுக்குப் போகும்போது என்ன செய்வது, திருமணம் செய்யலாமா, பிள்ளை பெறலாமா. இவற்றைத் தாயிடம் கேட்க முடியாது. மருத்துவரிடம் கேட்க வெட்கம். அதே பாதையில் பத்து வருடம் முன்னால் போனவரிடம் கேட்கலாம். ஒரு நிலையத்தின் வேலைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட வேண்டும் என்றால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

வாழ்வாதார உதவியில் அவர்களைக் கேட்காமல் செய்வதன் விலை நன்றாகத் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆடு கொடுப்பார்கள். ஆடு மேய்ச்சலுக்குப் போனால் பின்னால் ஓட வேண்டியவர் மறுபடி தாய்தான். புகைப்படத்தில் ஆடும் இருக்கும், அவரும் இருப்பார், கயிறு மட்டும் அம்மாவின் கையில். அதே பணத்தில், நாற்காலியில் இருந்தபடி கை நீட்டி முட்டை எடுக்கிற உயரத்தில் கதவு வைத்த கோழிக்கூட்டை ஒருவர் தானே திட்டம்போட்டுக் கட்டுவித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கூட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்குச் சீமெந்துப் பாதை. மணலில் முன் சில்லு புதையும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாதாந்த மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 333 ரூபாய். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போக, ஓர் உதவியாளருக்கு ஒருநாள் கூலி கொடுக்க அது எந்தக் கணக்கிலும் போதாது. 19ஆம் உறுப்புரை தனிநபர் உதவியாளர் சேவையையும் உரிமையின் பகுதியாகச் சொல்கிறது. இந்த நாட்டில் அதற்கென்று அரசு கொடுக்கும் தனிக் கொடுப்பனவு இல்லை. ஆகவே அந்தச் செலவைத் தாய் தன் உடம்பால் கட்டுகிறார். அரசாங்க வேலையில் மூன்று சதவீத வெற்றிடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. அது நிறைவேறுவதற்காக இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வன்னிக்கே உரிய இன்னொரு தடை ஒரு சொல்லில் இருக்கிறது. வேறெங்கும் புனர்வாழ்வு என்றால் பொய்க்கால், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி. இங்கே 2009க்குப் பிறகு அந்தச் சொல் முகாமைக் குறித்தது. முன்னாள் புலிகள் எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 12,000 பேர் அந்தப் பெயரில் தடுத்துவைக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் கையும் காலும் கண்ணும் இழந்தவர்கள் பலர். படிவத்தில் "பாதிப்பு எப்படி ஏற்பட்டது" என்ற கட்டத்துக்கு வரும்போது அவர்களுடைய பேனா நிற்கும். உண்மையை எழுதினால் விசாரணை வருமோ என்ற பயம், எழுதாவிட்டால் உதவி கிடைக்காதோ என்ற பயம். படையில் இருந்து காயப்பட்டவருக்கு ஓய்வூதியம் உண்டு. இவர்களுக்கு அந்தக் கட்டத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. எந்தப் பக்கம் நின்று காயப்பட்டார் என்று பார்க்காமல் இன்று அவருக்கு என்ன தேவை என்று மட்டும் கேட்கும் இடமாக ஒரு நிலையம் இருப்பது இங்கே சாதாரண விடயம் அல்ல. சில வேளைகளில் அந்தப் படிவத்தை நிரப்பப் பக்கத்தில் உட்காருவதுதான் அன்றைய முழு நாள் வேலை.

வேறு பணிகளும் உண்டு. 2011இன் தேர்தல் சட்டத்தின்படி ஒருவரை உதவிக்கு அழைத்துச்சென்று வாக்களிக்கலாம் என்பதை ஊருக்குச் சொல்வது, கேட்கும் திறனற்ற பிள்ளைகளுக்குச் சைகைமொழி தெரிந்த ஆசிரியர் கேட்டுக் கடிதம் எழுதுவது, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் சாப்பாட்டுப் பொதியோடு முடிந்துவிடாமல் பிரதேச செயலாளரிடம் கோரிக்கையைக் கையில் கொடுப்பது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்து வெள்ளம் ஊருக்குள் வந்தபோது பாடசாலைகளில் மக்கள் தங்கினார்கள். எந்த வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார், அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், எந்தப் பாடசாலையில் அவர் போகக்கூடிய மலகூடம் இருக்கிறது என்ற பட்டியல் மழைக்கு முன்பே கிராம அலுவலரிடம் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கத் தகுதியானவர்கள் அந்த வீடுகளை அறிந்த இவர்களே.

1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேறாமல் இருந்தார்கள். 1973இல் வந்த சட்டத்தின் மாற்றுத்திறனாளி உரிமைப் பிரிவுக்கான விதிகளில் கையொப்பமிடாமல் அரசு இழுத்தடித்ததே காரணம். படுக்கை இல்லை, உதவி இயந்திரங்கள் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் தாக்குப்பிடித்தார்கள். கையொப்பம் கிடைத்தது. அந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு வீடு.

அங்கே மகனுக்கு நாற்பதை நெருங்கும் வயது. நிலையத்தைச் சேர்ந்த இருவர் ஆறு மாதமாகப் போய்வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனுக்குப் புரட்டும் முறை, தூக்கும் முறை, குழாய் மாற்றும்போது கை கழுவும் முறை எல்லாவற்றையும் மகனே சொல்லிப் பழக்கினார். சம்பளம் சிறியது. முட்டை விற்ற காசில் மகனே கொடுத்தார். தாய் முதலில் சம்மதிக்கவில்லை. பக்கத்தில் நின்று பிழை பிடித்துக்கொண்டே இருந்தார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வந்தது. போருக்குப் பிறகு ஒருமுறைகூட அவர் அங்கே இரவு தங்கியதில்லை. அந்த முறை போனார்.

இரவு இரண்டு மணிக்கு யாரும் எழுப்பாமலே விழித்துக்கொண்டாராம். பறைச்சத்தத்துக்கு நடுவே தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்திருக்கிறார். மகன் பேசினார். "இப்போதுதான் புரட்டினான் அம்மா. வலப்பக்கம் படுத்திருக்கிறேன். நீங்கள் பொங்கல் முடித்துவிட்டு ஆறுதலாக வாருங்கள்."